நீதி வென்றது என்று எழுதாதீர்கள்

2023 டிசம்பர் 12 ஆம் திகதி புத்தளம் மேல் நீதிமன்றம் கவிஞர் அஹ்னாஃப் ஜஸீமை விடுதலை செய்தபோது நம்மவர் பலரும் ஒரே வாசகத்தைத்தான் எழுதினார்கள். 'நீதி வென்றது.' முகநூலில் எழுதினார்கள், கூட்டங்களில் பேசினார்கள், சிலர் கவிதையாகவும் பாடினார்கள். அந்த இளைஞர் வீடு திரும்பியதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அந்த வாசகத்தை நான் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. எதை நீதி என்று அழைக்கிறோம் என்பதில் எழுதுகிறவர்களாகிய நமக்கே தெளிவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அவர் கைதானது 2020 மே 16. பிணை கிடைத்தது 2021 டிசம்பர் 15. இடையில் 19 மாதங்கள். அதில் ஒரு வருடத்துக்கும் மேல் குற்றப்பத்திரிகை எதுவும் இல்லாமல், பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், புலனாய்வுப் பிரிவினரின் தடுப்புக்காவலில் கழிந்தது. பிணைக்குப் பின் இன்னும் இரண்டு வருடங்கள் வழக்கு. எதற்காக? 2017 இல் வெளியான 'நவரசம்' என்ற கவிதைத் தொகுதிக்காகவும், அவர் தன் மாணவர்களுக்குத் தீவிரவாதத்தைப் போதித்தார் என்ற குற்றச்சாட்டுக்காகவும். கடைசியில் அது நிலைக்கவில்லை. நிலைக்காது என்பது அந்த நூலைத் தமிழில் முழுதாக வாசித்த எவருக்கும் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும். முதல் வாரத்தில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை மூன்றரை வருடம் கழித்துக் கேட்டு, 'இல்லை' என்று விடை கண்டால் அதற்கு வெற்றி என்றா பெயர்?

அந்தக் கேள்வி மிக எளிமையானது. இந்த மனிதரை அடைத்து வைக்க, இப்போது, உங்கள் கையில் என்ன இருக்கிறது? குற்றம் நிரூபணமாகிவிட்டதா என்பதல்ல கேள்வி. அதற்கு வழக்கு இருக்கிறது, சாட்சி இருக்கிறது, குறுக்கு விசாரணை இருக்கிறது. இங்கே கேட்கப்படுவது அதைவிடச் சிறியது: நியாயபுத்தியுள்ள ஒருவர் நம்பக்கூடிய காரணம் ஏதாவது உண்டா? பொலிஸார் கேட்டுப் பொலிஸாரே விடை சொல்லும் கேள்வியும் அல்ல இது. பொலிஸாருக்கும் சந்தேக நபருக்கும் நடுவில் இருக்கும் ஒரு நீதிபதி கேட்க வேண்டியது.

அமெரிக்கச் சட்டத்தில் இதற்கென்றே ஒரு விசாரணை உண்டு. அவர்களது அரசியலமைப்பின் நான்காவது திருத்தம் 1791 முதலே 'நம்பக்கூடிய காரணம்' இல்லாமல் பிடியாணை கூடாது என்கிறது. ஆனாலும் புளோரிடா மாநிலத்தில் வழக்குத் தொடுநர் ஒரு தாளில் குற்றச்சாட்டை எழுதிக் கையொப்பமிட்டால், நீதிபதி எவரும் ஆதாரத்தைப் பார்க்காமலே வழக்கு நாள் வரை ஒருவரை அடைத்து வைக்கக்கூடியதாக இருந்தது. 1975 இல் கர்ஸ்டீன் எதிர் பியூ வழக்கில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் இது செல்லாது என்றது. குற்றம் சாட்டுகிறவரின் சொந்த நம்பிக்கை போதாது, பிடியாணையின்றிக் கைதானவரைத் தொடர்ந்து அடைத்து வைப்பதானால் பக்கம் சாராத நீதிபதி ஒருவர் காரணத்தைத் தாமதமின்றிப் பார்த்தாக வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம். தாமதமின்றி என்றால் எவ்வளவு என்று மாநிலங்கள் இழுத்தடித்தன. 1991 இல் இன்னொரு வழக்கில், பொதுவாக 48 மணித்தியாலம் என்று வரையறுத்தார்கள். அதற்கு மேல், சமஷ்டி நீதிமன்றங்களில் பாரதூரமான குற்றத்துக்குக் கைதாகிக் காவலில் இருப்பவருக்கு 14 நாட்களுக்குள் பூர்வாங்க விசாரணை. அங்கே அவரது சட்டத்தரணி சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம். நீதிபதி திருப்தியடையாவிட்டால் அவரை விடுவித்தாக வேண்டும்.

அமெரிக்காவைப் புகழ நான் வரவில்லை. அங்கும் இது பல இடங்களில் சடங்காகிப் போயிருக்கிறது. பெருஞ்சூரிகள் குழு குற்றப்பத்திரிகை கொடுத்துவிட்டால் அந்தப் பூர்வாங்க விசாரணையே தேவையில்லை. வழக்குத் தொடுநர் விரும்பினால் அந்தக் குழு ஒரு சான்ட்விச்சின் மீதும் குற்றம் சுமத்தும் என்று நியூயோர்க்கின் பிரதம நீதியரசராயிருந்த ஒருவரே கிண்டலடித்தது பிரசித்தம். (அவர் சொன்னது பன்றி இறைச்சி சான்ட்விச். நம்மவர்கள் அதற்கு எதிராக வேண்டுமானால் சாட்சி சொல்லப் போவார்கள்.) அதே தேசந்தான் 2002 ஜனவரி முதல் குவாண்டனாமோவில் மனிதர்களைக் கொண்டுபோய் அடைத்து, எந்த நீதிபதியும் எட்டிப் பார்க்கத் தேவையில்லை என்று வருடக்கணக்கில் வாதாடியது. நல்ல விதியை எழுதி வைத்திருப்பவர்கள் அந்த விதி எட்டாத இடம் ஒன்றையும் தேடி வைத்திருந்தார்கள். நம் நாட்டுக் கதையும் ஏறத்தாழ இதுதான்.

நம்மிடம் விதி இல்லையென்று எவரும் சொல்ல முடியாது. அரசியலமைப்பின் 13 ஆம் உறுப்புரை, சட்டத்தால் தாபிக்கப்பட்ட நடவடிக்கை முறையின்றி எவரும் கைது செய்யப்படலாகாது, காரணம் தெரிவிக்கப்பட வேண்டும், கைதானவர் நீதிபதி முன் கொண்டுவரப்பட வேண்டும், அந்த நீதிபதியின் கட்டளையின்றி மேலும் தடுத்து வைக்கப்படலாகாது என்கிறது. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, பிடியாணையின்றிக் கைது செய்ய நியாயமான முறைப்பாடோ நம்பத்தகுந்த தகவலோ நியாயமான சந்தேகமோ வேண்டும் என்கிறது. 24 மணித்தியாலத்துக்குள் விசாரணை முடியாவிட்டால் சந்தேக நபரையும், அதுவரை கிடைத்த சாட்சிகளின் கூற்றுச் சுருக்கத்தோடு கூடிய அறிக்கையையும் நீதவானிடம் அனுப்ப வேண்டும் என்கிறது 115 ஆம் பிரிவு. தடுத்து வைப்பது உசிதமென்று நீதவான் திருப்தியடைந்தால், தன் காரணங்களைப் பதிவு செய்த பின் கட்டளையிடலாம் என்றும் சொல்கிறது.

காரணங்களைப் பதிவு செய்த பின். இந்த நான்கு சொற்களில்தான் எல்லாம் இருக்கிறது. பொலிஸார் கேட்டார்கள், கொடுத்தேன் என்பது காரணம் ஆகாது. பிடியாணை சம்பந்தமாக நமது உயர் நீதிமன்றம் 1999 இல் தந்த தீர்ப்பொன்றில் இதைக் கடுமையாகவே சொல்லியிருக்கிறது. பிடியாணை வழங்குவது ஒரு நீதித்துறைச் செயல், அதில் ஒரு மனிதரின் சுதந்திரம் சம்பந்தப்பட்டிருக்கிறது, புலனாய்வாளர் தேவையென்று நினைக்கிறார் என்பதற்காக மட்டும் நீதவான் அதை வழங்கிவிட முடியாது என்பது அதன் கருத்து.

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்கு வகுப்பறை முகாமைத்துவம் படிப்பித்த விரிவுரையாளர் ஒருவர் அடிக்கடி ஓர் உதாரணம் சொல்வார். ஒரு பிள்ளையின் பேனையைக் காணவில்லை. இன்னொரு பிள்ளை மூன்றாவது பிள்ளையைக் கைகாட்டுகிறது. கைகாட்டப்பட்ட பிள்ளையை முதலில் எழுப்பி நிறுத்திவிட்டுப் பிறகு விசாரிக்கும் ஆசிரியர், பேனை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்தப் பிள்ளையை இழந்துவிடுவார். 'நீ கண்டாயா?' என்று கைகாட்டிய பிள்ளையிடம் கேட்பதுதான் முதல் வேலை. இருபது வருடமாக நான் பார்த்ததில், அந்த ஒரு கேள்விக்கே பாதிக் கைகள் இறங்கிவிடும். 'இல்ல சேர், அவன்தான் சொன்னான்' என்று சுட்டுவிரல் வேறொரு பக்கம் திரும்பும். ஐந்தாம் வகுப்பில் நடைமுறையில் இருக்கும் இந்த ஒழுங்கு ஒரு நீதிமன்றத்தில் அதிகப்படியான எதிர்பார்ப்பா?

சில வருடங்களுக்கு முன் என்னிடம் படித்த ஒரு பொடியன் கைதானபோது அவனது தாயோடு நானும் நீதிமன்றத்துக்குப் போயிருந்தேன். எந்த ஊர் நீதிமன்றம் என்பது இங்கே முக்கியமில்லை. வடக்கு கிழக்குக்கு வெளியே எல்லா இடத்திலும் நடப்பதுதான். அன்றைய பட்டியலில் நூறுக்கு மேற்பட்ட வழக்குகள். பொடியனின் இலக்கம் கூப்பிடப்பட்டது, பொலிஸ் சார்ஜன்ட் ஒருவர் எழுந்து சிங்களத்தில் வேகமாக எதையோ வாசித்தார், விசாரணை இன்னும் முடியவில்லை என்றார், எங்கள் சட்டத்தரணி ஒரு வசனம் சொன்னார், எழுதுவினைஞர் ஒரு திகதியைச் சொன்னார், அடுத்த இலக்கம். மூன்று நிமிடம் இருக்காது. 'என்ன சேர் சொன்ன?' என்று உம்மா என் முகத்தைப் பார்த்தார். 'பதினாலு நாள்' என்றேன். ஏன் பதினாலு நாள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் அந்த மண்டபத்தில் யாரும் அதைச் சொல்லவில்லை. பதினான்கு நாள் கழித்து இன்னொரு பதினான்கு. நமது சிறைச்சாலைகளில் தண்டனை பெற்றவர்களை விட விளக்கமறியல் கைதிகள் அதிகமாயிருந்து வருவது எப்படி என்று புள்ளிவிபரத் திணைக்களத்திடம் போய்க் கேட்கத் தேவையில்லை. ஒரு திங்கட்கிழமை காலை எந்த நீதவான் நீதிமன்றத்திலாவது பின் வாங்கில் உட்கார்ந்திருந்தால் போதும்.

நீதவான்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் முன்னால் இருப்பது பொலிஸாரின் 'பி' அறிக்கை மட்டும். அதில் ஒரு சட்டப் பிரிவின் இலக்கம் எழுதியிருக்கும். சில இலக்கங்கள் எழுதப்பட்டால் நீதவானின் கை கட்டப்பட்டுவிடும். இந்தக் கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்புவது இதைத்தான்.

2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஐ.சி.சி.பி.ஆர். சட்டம் என்று நாம் எல்லோரும் இன்று சொல்லப் பழகிவிட்ட சட்டம். சிவில், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையை உள்நாட்டில் நடைமுறைப்படுத்த வந்தது. அதன் 3 ஆம் பிரிவு, பாரபட்சத்தையோ பகைமையையோ வன்முறையையோ தூண்டும் விதத்தில் இன, மத வெறுப்பைப் பரப்புவதைக் குற்றமாக்குகிறது. நல்ல நோக்கம்தான். சிறுபான்மையினரைப் பாதுகாக்கவே அப்படி ஒரு வாசகம் உலகத்தில் எழுதப்பட்டது. ஆனால் அதே பிரிவில், இந்தக் குற்றத்தில் சந்தேகிக்கப்படுபவருக்கு விதிவிலக்கான சூழ்நிலையில் மேல் நீதிமன்றம் மட்டுமே பிணை வழங்கலாம் என்று ஒரு வரியும் இருக்கிறது. விளைவு? ஒரு பொலிஸ் பொறுப்பதிகாரி தன் அறிக்கையில் அந்த இலக்கத்தை எழுதிவிட்டால் போதும், கைதானவர் மாதக்கணக்கில் சிறையில் இருக்க நேரலாம்.

2019 மே மாதம், உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிந்திய நாட்களில், ஹசலகையில் ஒரு ஏழைப் பெண் தான் அணிந்திருந்த ஆடைக்காகக் கைதானார். ஆடையில் அச்சிடப்பட்டிருந்தது கப்பலின் சுக்கான் சக்கரம். அது தர்மச்சக்கரமாகக் காணப்பட்டது. இரண்டு வாரத்துக்கு மேல் அவர் விளக்கமறியலில் இருந்தார். இங்கே சாட்சி, ஆதாரம் என்று எதையும் தேடிப் போக வேண்டியதில்லை. ஆதாரம் துணியாகவே இருந்தது. யாராவது அதை விரித்துப் பார்த்து ஆரக்கால்களின் நுனியில் கைப்பிடி இருக்கிறதா என்று கவனித்திருந்தால், காலைத் தேநீருக்கு முன் முடிந்திருக்க வேண்டிய விவகாரம்.

2020 ஏப்ரல் 9 ஆம் திகதி எழுத்தாளர் ரம்ஸி ராஸிக் கைதானார். கொவிட் காலத்தில் முஸ்லிம்களுக்கு எதிராகப் பரப்பப்பட்ட வெறுப்புக்குப் பேனையையும் விசைப்பலகையையும் கொண்டு கருத்தியல் ரீதியில் போராட வேண்டும் என்று அவர் சிங்களத்தில் ஒரு முகநூல் பதிவு எழுதியிருந்தார். அதில் 'ஜிஹாத்' என்ற சொல் இருந்தது. பேனை என்ற சொல்லும் இருந்தது. பொலிஸார் முதலாவதை மட்டும் வாசித்தார்கள். நோயாளியான அந்த மனிதர் ஐந்து மாதங்களுக்கு மேல் சிறையிலிருந்து செப்டெம்பரில் மேல் நீதிமன்றப் பிணையில் வந்தார். 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அவரது அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று தீர்ப்பளித்து நட்டஈடும் வழங்கக் கட்டளையிட்டது. நல்ல தீர்ப்பு. ஆனால் மூன்றரை வருடம் கழித்து அந்தப் பதிவை முழுதாக வாசித்த நீதியரசர்களுக்கு விளங்கியது, 2020 ஏப்ரலில் விளங்காமல் போக அதில் என்ன கடினமான சொல் இருந்தது?

இதெல்லாம் முஸ்லிம்களுக்கு மட்டும் நடப்பது என்றோ, தமிழ் தெரியாததால் நடப்பது என்றோ நம்மிடையே ஒரு சௌகரியமான எண்ணம் இருக்கிறது. சக்திக சத்குமாரவை மறந்துவிட்டோமா? அவர் சிங்களவர், பௌத்தர், பரிசு பெற்ற எழுத்தாளர். 'அர்த' என்ற சிறுகதையை முகநூலில் வெளியிட்டதற்காக, பிக்குமாரின் முறைப்பாட்டின் பேரில் 2019 ஏப்ரல் 1 ஆம் திகதி அதே 3 ஆம் பிரிவில் கைதானார். ஓகஸ்டில்தான் பிணை கிடைத்தது. 2021 பெப்ரவரியில், வழக்குத் தொடரப் போவதில்லை என்ற சட்டமா அதிபரின் தீர்மானத்தோடு விடுவிக்கப்பட்டார். கதை எழுதியவர், முறைப்பாடு செய்தவர்கள், பொலிஸார் எல்லோருக்கும் ஒரே மொழி. மொழிபெயர்ப்புப் பிரச்சினை இல்லை. ஆனாலும் அவர் நான்கு மாதம் உள்ளே இருந்தார். அப்படியானால் கோளாறு மொழியில் இல்லை, வாசிக்காமையில் இருக்கிறது. அவர் கைதான வேளையில் நமது எழுத்தாளர் அமைப்புகளில் எத்தனை அவருக்காக ஓர் அறிக்கையாவது விட்டன? நாம் சும்மா இருந்தோம். ஒரு வருடம் கழித்து அதே பிரிவு நம் வீட்டுக் கதவைத் தட்டியது.

சட்டம் படித்த நண்பர்கள் இங்கே குறுக்கிடுவார்கள்: பிணை வழங்கும் அதிகாரம் இல்லாத நீதவான் என்னதான் செய்ய முடியும்? நான் சட்டத்தரணி அல்ல. ஆனால் வாசகங்களை வாசித்துப் பொருள் சொல்வது என் தொழில். பிணைத் தடை பொருந்துவது அந்தக் குற்றத்தில் சந்தேகிக்கப்படும் ஒருவருக்கு. அறிக்கையில் சொல்லப்பட்ட சம்பவங்கள் அத்தனையும் உண்மையென்றே வைத்துக்கொண்டாலும் அந்தக் குற்றம் அங்கே உருவாகாவிட்டால், வெறும் இலக்கத்தை எழுதியதால் மட்டும் ஒருவர் அந்தக் குற்றத்தின் சந்தேக நபர் ஆகிவிடுவாரா? எவருடைய கைகளை ஆடை தூண்டியது, எந்த வன்முறைக்கு, எங்கே? இதைக் கேட்பது பிணை வழங்குவதாகாது. பிணை பற்றிய கேள்விக்கு முன்னால் வரும் கேள்வி அது. அதைக் கேட்க எந்தச் சட்டமும் நீதவானைத் தடுக்கவில்லை.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் நிலைமை இன்னும் மோசம். 1979 இல் தற்காலிகமென்று கொண்டுவந்து 1982 இல் நிரந்தரமாக்கப்பட்ட சட்டம். அதன் 9 ஆம் பிரிவின்படி அமைச்சரே தடுப்புக்காவல் உத்தரவு கொடுக்கலாம். மூன்று மாதம், மேலும் மூன்று மாதம் என்று 18 மாதம் வரை. அங்கே நீதிபதியே கிடையாது. 7 ஆம் பிரிவில் நீதவான் வருகிறார், ஆனால் எழுதப்பட்டபடி அவர் வருவது கேட்பதற்காக அல்ல. உரிய தரத்திலுள்ள பொலிஸ் அதிகாரி எழுத்தில் விண்ணப்பித்தால், வழக்கு முடியும்வரை அவர் விளக்கமறியல் உத்தரவு கொடுக்க வேண்டும். 'கொடுக்கலாம்' அல்ல, 'கொடுக்க வேண்டும்'. தமிழ் பாடத்தில் இந்த இரண்டு வினைமுற்றுகளின் வேறுபாட்டை ஏழாம் ஆண்டில் படிப்பிக்கிறோம். ஒரு மனிதரின் ஆயுளில் இரண்டு மூன்று வருடங்கள் இந்த வேறுபாட்டில் தொங்கியிருப்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. 2022 இல் வந்த திருத்தம் 18 மாதத்தை 12 ஆக்கியது, தடுத்து வைக்கப்பட்ட இடத்தை நீதவான் போய்ப் பார்க்க வேண்டும் என்றது. போய்ப் பார்த்து, அடித்திருக்கிறார்களா என்று கேட்கலாம். ஏன் பிடித்தார்கள் என்று கேட்க முடியுமா என்பதே என் கேள்வி.

உடனே சிலர் சொல்வார்கள்: 2019 ஏப்ரல் 21 ஐ மறந்துவிட்டாயா, 260 பேருக்கு மேல் மாண்டார்கள், இப்படிக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தால் குண்டுதாரிகள் தப்பிவிடுவார்கள். மறக்கவில்லை. அந்த நாளின் பின் நம் பெண்களும் பிள்ளைகளும் பட்ட பாட்டையும் மறக்கவில்லை. ஆனால் அந்தத் தாக்குதல், நீதவான் ஒருவர் ஆதாரம் கேட்டதால் நடந்ததா? முன்னரே கிடைத்த புலனாய்வுத் தகவலைப் பொருட்படுத்தாததால் நடந்தது. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதியையும் பாதுகாப்பு உயரதிகாரிகளையும் பொறுப்பாக்கி நட்டஈடு செலுத்தச் சொன்னது இதற்காகத்தான். கையில் தகவல் இருந்தபோது கைது செய்யவில்லை. தாக்குதலுக்குப் பின், கையில் எதுவுமில்லாமல் கப்பல் சக்கரம் போட்ட ஆடையைக் கைது செய்தார்கள். 'நம்பக்கூடிய காரணம்' என்பது உயரமான மதிலும் அல்ல. வீட்டில் வெடிமருந்து இருந்தது, கூட்டத்தில் இருந்ததைக் கண்ட சாட்சி உண்டு, பணம் கைமாறிய பதிவு உண்டு என்று ஏதாவது ஒன்று போதும். உண்மையான பயங்கரவாதியை அந்தக் கேள்வி ஒருநாளும் காப்பாற்றாது.

குருநாகல் வைத்தியர் ஷாபி ஷிஹாப்தீன் விவகாரத்தில் எல்லாமே தலைகீழாக நடந்தது. 2019 மே 24 ஆம் திகதி அவர் கைதானபோது சொல்லப்பட்ட காரணம் சந்தேகத்துக்கிடமான சொத்துச் சேர்ப்பு. நாடு முழுக்கப் பேசப்பட்டதோ சட்டவிரோதக் கருத்தடை. கைதுக்குப் பிறகுதான் நூற்றுக்கணக்கில் முறைப்பாடுகள் குவிந்தன. அதாவது முதலில் ஆள், பிறகு குற்றம், அதன் பிறகு சாட்சி. குற்றச்சாட்டுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றத்துக்கு அறிவித்தது. ஜூலையில் பிணை கிடைத்தது. 2022 இல் சம்பள நிலுவையோடு சேவையில் மீள அமர்த்தப்பட்டபோது அந்தப் பணத்தை அவர் மருந்து வாங்கக் கொடுத்தார். நம்மவர்கள் அதையும் 'நீதி வென்றது' என்றே எழுதினார்கள். அவரது பெருந்தன்மை வென்றது என்றால் ஒப்புக்கொள்வேன்.

இன்னொரு வாதமும் உண்டு. நம் சட்டத்திலும் பூர்வாங்க விசாரணை இருக்கிறதே, கொலை போன்ற பாரதூரமான குற்றங்களுக்கு மேல் நீதிமன்றம் போகுமுன் நீதவான் சாட்சிகளை விசாரித்து, போதிய சான்று இல்லையேல் விடுவிக்கலாமே என்பார்கள். சுருக்கமுறையற்ற விசாரணை என்று அதற்குப் பெயர். 1973 ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டம் அதைத் தூக்கியெறிந்தது, 1979 சட்டக்கோவை திருப்பிக் கொண்டுவந்தது. இங்கிலாந்து தன்னுடைய அத்தகைய விசாரணையை 2013 இல் முற்றாகக் கைவிட்டது. தாமதத்துக்குக் காரணமென்று நம்மிடமும் அதன் மேல் பழி சொல்லப்பட்டு வந்திருக்கிறது. அதை வைத்திருப்பதா எறிவதா என்ற சர்ச்சைக்குள் நான் போகவில்லை. எனது முறைப்பாடு வேறு: அது வருவதே சந்தேக நபர் மாதங்களையோ வருடங்களையோ விளக்கமறியலில் கழித்த பின்புதான். தண்ணீரைக் குடித்து முடித்த பிறகு வடிகட்டுவது போல. கேள்வி முதல் நாளில் வேண்டும், முதல் பதினான்கு நாட்களுக்குள்ளாவது வேண்டும்.

இவ்வளவும் அரசையும் பொலிஸையும் நோக்கி. நம்மை நோக்கியும் சொல்லாவிட்டால் இது பாதிக் கட்டுரை. ஒருவர் கைதான அன்று ஊரில் முதலில் எழும் குரல் எது? 'நெருப்பில்லாமப் புகையுமா?' அடுத்து ஜமாஅத்தில் ஒரு கூட்டம், இவருக்கும் எமக்கும் தொடர்பில்லை என்று ஒரு கடிதம். கொண்டுவரப்பட்ட செய்தியைத் தீர விசாரிக்க வேண்டுமென்ற கட்டளையை மௌலவிமார் ஜும்ஆவில் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். அது குடும்பச் சண்டைக்கு மட்டும் உரியதென்று எவர் சொன்னார்? கைதானவரின் மனைவி கடைக்குப் போனால் கடன் கொடுக்கத் தயங்குகிறோம். அவர் விடுதலையானதும் மாலை போடுகிறோம். நாம் செய்ததும் அந்த மூன்று நிமிட நீதிமன்றம் செய்ததும் ஒன்றுதான்: காரணத்தைக் கேட்காமல் ஆளை ஒதுக்கி வைத்தோம்.

பணத்தையும் பிழையான நாளில்தான் செலவழிக்கிறோம். அடிப்படை உரிமை மனுவுக்கும் மேன்முறையீட்டுக்கும் கொழும்பில் பெரிய சட்டத்தரணிகளை வைக்க வெளிநாட்டிலிருந்தும் காசு வருகிறது. முதல் நாள் நீதவான் முன் நிற்கும்போதோ, பக்கத்து வழக்குக்கு வந்த ஒருவரைக் கையைப் பிடித்துக் கெஞ்சுகிறோம். அவர் கோவையைப் பார்த்திருக்கமாட்டார். 'பி' அறிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்கி வாசித்து, இதில் குற்றம் எங்கே என்று கேட்க அவருக்கு நேரமிருக்காது. நீதவான் தன் காரணத்தைப் பதிவு செய்யும்படி அவர் கேட்பதும் இல்லை.

எழுத்து சம்பந்தப்பட்ட வழக்குகளில் நம்மால் உடனே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. ஒரு கவிதையோ கதையோ பதிவோ ஆதாரமென்று சொல்லப்பட்டால், கிழித்தெடுத்த நான்கு வரி அல்ல, முழு நூலும் நீதவானின் மேசையில் இருக்க வேண்டும். தமிழ் நூலானால் சிங்களத்தில் முழுமையான, சத்தியக் கடதாசியோடு கூடிய மொழிபெயர்ப்பு வேண்டும். முதல் பதினான்கு நாள் முடியுமுன் வேண்டும். பொலிஸார் தரும் மொழிபெயர்ப்பை நம்பி உட்கார்ந்திருப்பது, எதிரணியின் வாத்தியாரிடம் நம் பிள்ளையின் விடைத்தாளைத் திருத்தக் கொடுப்பது போன்றது. இரு மொழியிலும் தேர்ந்தவர்கள் இந்தச் சஞ்சிகையைச் சுற்றியே பத்துப் பேராவது இருக்கிறார்கள். அவர்களில் சிலர் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்கள். ஒரு தொகுதி அறுபது எழுபது பக்கம். நான்கு பேர் பகிர்ந்து செய்தால் ஒரு வார வேலை. எனக்குத் தெரிந்த ஆறு பேரின் பெயர்களையும் தொலைபேசி இலக்கங்களையும் ஆசிரியருக்கு அனுப்பி வைத்திருக்கிறேன். அதில் ஒன்று என்னுடையது.